எண்ணத்தை விரட்டச் சொல்லும் அறிவுரை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவரும் மனநலப் பகுதியை விடாமல் படித்து வருகிறேன். ‘எதிர்மறை எண்ணங்களுக்கு இடம் கொடுக்காதீர்கள்’ என்னும் அறிவுரை ஏறக்குறைய ஒவ்வொரு வாரமும் அதில் வந்துவிடுகிறது. இடம் கொடுக்காமல் இருக்க முடிந்தவர்கள் அந்தப் பகுதியைப் புரட்டவே மாட்டார்கள். வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது, நினைவு வந்தால் மணி அடிக்க வேண்டும் என்று சொல்லி உளவியலாளர் டேனியல் வெக்னர் நடத்திய ஆய்வு 1987இல் வெளியானது. மணி ஓயவில்லை, தடையை நீக்கிய பிறகோ, முதலிலேயே நினைக்க விடப்பட்டவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகமாக வந்தது.

நான் குடியாத்தத்தில் கைலி வியாபாரம் செய்பவன். சென்ற தை மாதம் ஒரு கல்யாண வீட்டில், முப்பது ஆண்டுப் பழக்கமுள்ள நூல் வியாபாரி ஒருவர் நான் கூப்பிட்டும் திரும்பாமல் பந்திக்குப் போய்விட்டார். அவருக்கு நான் பாக்கி வைத்திருப்பதால்தான் மதிக்கவில்லை என்று முடிவு கட்டி இரண்டு இரவு தூக்கத்தைத் தொலைத்தேன். மூன்றாம் நாள் பழைய பேரேடு ஒன்றில், இடப்பக்கம் ‘கூப்பிட்டேன், திரும்பவில்லை’ என்றும் வலப்பக்கம் ‘அவமதித்தார்’ என்றும் எழுதிப் பார்த்தபோது, இடப்பக்கம் நடந்தது, வலப்பக்கம் நானாக எழுதிக்கொண்ட பற்று என்பது விளங்கியது. (அன்று அவர் காதுக் கருவியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாராம். உண்மையிலேயே அவமதித்திருந்தாலும் பேரேடு உதவியிருக்கும் என்றே நினைக்கிறேன்.)

இது என் கண்டுபிடிப்பு அன்று. நம்மைக் கலக்குபவை நிகழ்ச்சிகள் அல்ல, அவற்றைப் பற்றி நாம் கொள்ளும் தீர்ப்புகளே என்று, அடிமையாக இருந்து விடுதலை பெற்ற கிரேக்கத் தத்துவ ஞானி எபிக்டெட்டஸ் ஏறத்தாழ 1900 ஆண்டுகளுக்கு முன்பே போதித்தார். அந்த வழியில்தான் 1950களில் உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸும் 1960களில் மனநல மருத்துவர் ஆரன் பெக்கும் தத்தம் மனநலச் சிகிச்சை முறைகளை வகுத்தார்கள். நமது பழைய வடாற்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்த திருவண்ணாமலையில் ரமணர், எழும் எண்ணம் யாருக்கு எழுகிறது என்று கேட்கச் சொன்னார். இரண்டும் ஒன்றே என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெக்கின் வழி எண்ணம் மெய்யா என்று சோதிக்கிறது; ரமணரின் வழி எண்ணுபவனையே தேடுகிறது. பாக்கிக்காரனுக்கு முதல் வழியே உடனடியாகக் கைகொடுக்கும்.

வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் அற்றுப்போனவருக்குப் பேரேடு போதாது. அவர் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்துச் சிகிச்சை தரும் மரபு வேலூரை அடுத்த பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மருத்துவமனையில் 1950களிலேயே தொடங்கிவிட்டது என்றாலும், அங்கே போவதை மறைக்கும் பழக்கம் எங்கள் பக்கம் இன்னும் ஒழியவில்லை.

ஆகவே, அந்தப் பகுதியில் அறிவுரையைக் குறைத்து, வாசகரே எழுதிப் பார்க்கும்படி இரண்டு பத்திக் கட்டம் ஒன்றை அச்சிடவும், அதன் அடியில் 2022 முதல் கட்டணமின்றி இயங்கிவரும் அரசின் மனநலத் தொலைபேசி ஆலோசனைச் சேவையான டெலி மானஸ் உதவி எண் 14416ஐ வாராவாரம் வெளியிடவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.