‘ஒண்ணும் பண்ணாது’ என்பது பதிலாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாய்க்கடி பற்றிய செய்தி வெளியாகும்போதெல்லாம் பேச்சு தெருநாய்களையே சுற்றி வருகிறது. பெயர் வைத்துச் செல்லமாக வளர்க்கப்படும் நாய் வேலியைத் தாண்டி அடுத்த வீட்டுக் கொல்லைப்புறத்துக்குள் நுழைந்து அங்கிருப்பவர்களை மிரட்டுவதை மட்டும் இரண்டு வீட்டாரின் சொந்தச் சண்டை என்று ஒதுக்கிவிடுகிறோம். கடந்த மூன்று மாதங்களில் நான்கு முறை அப்படியொரு நாயை என் வீட்டுக் கொல்லையில் எதிர்கொண்டவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நாயின் பெயரையும் அதை வளர்ப்பவரின் பெயரையும் குறிப்பிடப் போவதில்லை. நாயின் மீது எனக்குக் கோபமில்லை. அதன் உரிமையாளர் மீது இருந்த கோபமும் இப்போது பெருமளவு தணிந்துவிட்டது.

மூன்றாம் முறை நடந்ததை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். காலை ஏழு மணி இருக்கும். துவைத்த துணிகளை நான் கொடியில் உலர்த்த, என் ஆறு வயதுப் பேத்தி பக்கத்தில் நின்று கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் இரு வீட்டுக்கும் நடுவிலுள்ள கம்பி வேலியின் மூலையில் மழைநீர் மண்ணை அரித்து ஒரு சாண் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது. அந்தப் பள்ளத்தின் வழியே முதலில் மூக்கும் பிறகு இரண்டு முன்னங்கால்களும் தெரிந்தன. அடுத்த நொடியில் உடம்பை நெளித்துக்கொண்டு முழு நாயும் உள்ளே வந்து நின்றது. அது குரைக்கவில்லை. வால் மேல்நோக்கி விறைத்து, நுனி மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. “வாலாட்டுது பாட்டி, நம்மகிட்ட விளையாட வருது” என்று சொல்லியபடி பேத்தி ஓர் அடி முன்னே எடுத்து வைத்தாள். அவளை இழுத்து எனக்குப் பின்னால் விட்டுக்கொண்டு, துணி வாளியை முன்னால் பிடித்தபடி, திரும்பாமல் பின்பக்கமாகவே நடந்து சமையலறை வாசலை அடைந்தேன். பதினோரு எட்டு, பிறகு ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். ஒவ்வோர் எட்டுக்கும் ஓர் உறுமல் வந்தது. நாங்கள் கதவைச் சாத்தியதும் அது நிதானமாகக் கொடிக்கம்பத்தின் மேல் சிறுநீர் கழித்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போயிற்று. அப்போதுதான் வேலிக்கு அப்பாலிருந்து குரல் கேட்டது: “டீச்சர், பயப்படாதீங்க, அது ஒண்ணும் பண்ணாது!”

அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. அவரிடம் அது ஒன்றும் செய்வதில்லைதான். தன் வீட்டில், தனக்குத் தெரிந்தவர்களிடம் குழைந்து கிடக்கும் நாய், அந்நியரிடமும் அப்படியே இருக்கும் என்று வளர்ப்பவர்கள் மனமார நம்புகிறார்கள். ஆனால் நாயின் நடத்தை இடத்துக்கு இடம், ஆளுக்கு ஆள் மாறும். நாள் முழுவதும் கட்டிவைக்கப்பட்டோ, வேலியோரமாக மேலும் கீழும் ஓடிக்கொண்டோ இருக்கும் நாய் மறுபக்கத்து நடமாட்டத்தைக் கண்ணால் பார்க்கிறது. ஆனால் நெருங்க முடிவதில்லை. அந்த எரிச்சல் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும். ஒருநாள் வழி கிடைத்து உள்ளே வந்துவிட்டால், அங்கே சிறுநீர் கழித்துத் தன் வாசனையைப் பதிக்கும். அதையே பலமுறை செய்யும்போது நம் கொல்லையையும் தன் எல்லையாகக் கருதத் தொடங்கிவிடும். முதல்முறை என்னைக் கண்டதும் ஓடிப்போன அதே நாய் மூன்றாம் முறை உறுமிக்கொண்டு நின்றதற்குக் காரணம் இதுதான் என்று கால்நடை மருத்துவர் ஒருவர் விளக்கியபோதுதான் எனக்குப் புரிந்தது. முதல் தடவையை நான் சிரித்து விட்டுவிட்டது எவ்வளவு பெரிய பிழை என்பதும் அப்போதே புரிந்தது.

வாலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வாலாட்டுவது நட்பின் அடையாளம் என்று குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாம்தான். உடம்பே சேர்ந்து குழையும்படி வால் அகலமாக ஆடினால் அது நட்பாக இருக்கலாம். உடல் மரக்கட்டை போல் இறுகி, பார்வை நம்மேல் குத்திட்டு நிற்க, வால் விறைத்து நுனி மட்டும் துடித்தால் அது எச்சரிக்கை. அந்த நேரத்தில் ஓடக் கூடாது, கத்தக் கூடாது, நேருக்கு நேர் கண்ணுக்குள் உற்றுப் பார்க்கவும் கூடாது. பக்கவாட்டாகத் திரும்பி நின்று, கையில் கிடைத்த வாளி, பை, நாற்காலி எதுவானாலும் நடுவில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பின்வாங்க வேண்டும். தள்ளிவிடப்பட்டுக் கீழே விழுந்தால் முழங்காலை மடக்கிச் சுருண்டு, கைகளால் கழுத்தையும் காதுகளையும் மூடிக்கொண்டு அசையாமல் கிடப்பது நல்லது. என் பேத்திக்கு இதை ஒரு விளையாட்டாகவே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ‘மரம்’ என்றால் நின்ற இடத்தில் அசையாமல் நிற்பாள், ‘கல்’ என்றால் தரையில் சுருண்டுவிடுவாள்.

இனி, அண்டை வீட்டாரோடு பேசிய கதை. அன்று காலை நான் வேலிக்கு மேலாகக் கத்தினேன். முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் கத்திப் பழகிய குரல். தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். பலன் ஒன்றுமில்லை. அவர் தன் நாய்க்காகப் பரிந்து பேச வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டார், நான் வாளியைத் தூக்கியதால்தான் அது உறுமியது என்றார், பேச்சு அத்தோடு அறுந்துபோயிற்று. இரண்டு நாள் கழித்து ஒரு மாலையில் அவரை என் கொல்லைக்கே அழைத்துவந்து, பள்ளத்தையும் கம்பியில் ஒட்டியிருந்த ரோமத்தையும் காட்டினேன். நாயின் குணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. குணத்தைப் பற்றி எவ்வளவு நேரமும் வாதாடலாம், பள்ளத்தைப் பற்றி வாதாட முடியாது. “சரி டீச்சர், மண்ணைப் போட்டு மூடிடுறேன்” என்றார். மூடவும் செய்தார். பத்து நாளில் அந்த மண்ணைத் தோண்டிக்கொண்டு நாய் நான்காம் முறை வந்தது.

அதன் பிறகே நான் எழுதிக் கொடுத்தேன். இந்தக் கடிதத்தின் நோக்கமே அதைச் சொல்வதுதான். ஒரே பக்கம்: நாய் உள்ளே வந்த நான்கு நாள்கள், நேரம், நுழைந்த இடம், அப்போது கொல்லையில் இருந்தவர்கள், நடந்தது என்ன, என்ன செய்ய வேண்டுமென்று கேட்கிறேன், எந்தத் தேதிக்குள் என்ற விவரங்கள் மட்டும். பள்ளத்தின் புகைப்படத்தையும் இணைத்தேன். மிரட்டலாக ஒரு சொல்லும் இல்லை. ஒரு நகலை நான் வைத்துக்கொண்டேன். “பக்கத்து வீட்டுக்காரருக்குப் போய் யாராவது கடிதம் கொடுப்பார்களா” என்று என் உறவினர்களே கேலி செய்தார்கள். ஆனால், நாய் ஏற்படுத்தும் தீங்குக்கு அதை வளர்ப்பவர் எந்த அளவுக்குப் பொறுப்பு என்ற கேள்வி எழும்போது, பல நாடுகளின் சட்டங்களில் முதலில் பார்க்கப்படுவது அந்த நாயின் சுபாவம் அவருக்கு முன்பே தெரிந்திருந்ததா என்பதுதான். தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும் பொறுப்பு அவருடையதே என்று விதித்திருக்கும் நாடுகளும் உண்டு. எந்த வகையானாலும், தேதியிட்ட ஒரு கடிதம் கொடுத்த பிறகு ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல வழியில்லை. புகாரை உள்ளாட்சி அலுவலகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ கொண்டுபோக நேர்ந்தாலும் அங்கே கேட்கப்படும் முதல் கேள்விகள் எப்போது, எத்தனை முறை என்பவையே. நினைவிலிருந்து சொல்பவரைவிட எழுதி வைத்திருப்பவரின் பேச்சு எடுபடும்.

வீட்டு வளாகத்துக்குள் நடப்பது சட்டத்துக்கு வெளியே என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1991-ஆம் ஆண்டின் ஆபத்தான நாய்கள் சட்டத்தில், கட்டுமீறிய நாய் பற்றிய பிரிவு பெரும்பாலும் பொது இடங்களையே மனத்தில் வைத்து எழுதப்பட்டிருந்தது. 2014-இல் அதைத் திருத்தி, வீடும் தோட்டமும் உள்ளிட்ட தனியார் இடங்களுக்கும் விரிவுபடுத்தினார்கள். கடி விழுந்தால்தான் குற்றம் என்பதும் அங்கே இல்லை. நாயால் காயம் ஏற்பட்டுவிடுமோ என்று ஒருவர் நியாயமாக அஞ்சும்படி இருந்தாலே போதும். அந்தப் பதினோரு எட்டையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் சட்டம் அது.

வேறு வழிகளைச் சொன்னவர்களும் உண்டு. கல்லால் அடி என்றார் ஒருவர். அடிபட்ட நாய் அடுத்த முறை இன்னும் மூர்க்கமாகத்தான் வரும். இன்னொருவர் விஷம் வைக்கச் சொன்னார். அவரிடம் நான் இன்றுவரை சரியாகப் பேசுவதில்லை. அது கொடுமையும் குற்றமும் என்பது ஒருபுறமிருக்க, விஷம் கலந்த உணவை யார் வீட்டுப் பூனை தின்னும், எந்தக் குழந்தை கையில் எடுக்கும் என்று வைத்தவராலேயே சொல்ல முடியாது.

செய்ய வேண்டியது வேலியில் இருக்கிறது. பள்ளத்தை மண்ணால் நிரப்பினால் நாய் மறுபடி தோண்டும். அதற்குப் பதிலாக, வேலியின் அடியில் கம்பி வலையைக் கட்டி, அதை நாய் இருக்கும் பக்கமாக ஓர் அடி அகலத்துக்கு மடித்து, தரைக்குச் சற்றுக் கீழே புதைத்துவிட வேண்டும். நாய் வேலியின் ஓரத்திலேதான் தோண்டத் தொடங்கும், காலுக்கடியில் வலை தட்டுப்பட்டதும் விட்டுவிடும். வலைக்கம்பியின் ஊடே மறுபக்கம் தெரியாதபடி ஒரு தகட்டையோ கெட்டியான விரிப்பையோ வைத்து மறைத்தால் பாதி ஆவேசம் தானாகவே அடங்கும். தானே மூடிக்கொள்ளும்படி கேட்டுக்கு ஒரு ஸ்பிரிங்கும் தேவை. நாயைத் தினமும் நடக்க அழைத்துப் போவது, ஆண் நாயானால் ஊர் சுற்றும் வழக்கத்தைக் குறைக்கக் கருத்தடை செய்வது ஆகியவற்றைக் கால்நடை மருத்துவர் சொல்வார். இவற்றுக்கான செலவு நாயை வளர்ப்பவரைச் சேர்ந்தது. நல்லுறவுக்காகப் பாதியை நான் ஏற்கிறேன் என்று முதலில் சொன்னேன். பிறகு யோசித்து அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

கடியோ நகக்கீறலோ பட்டுவிட்டால், வளர்ப்பு நாய்தானே, ஊசி போட்டிருப்பார்கள் என்று இருந்துவிடக் கூடாது. உடனே காயத்தைச் சோப்பும் ஓடும் நீருமாகக் குறைந்தது 15 நிமிடங்கள் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். நாயின் தடுப்பூசிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிக் காட்டலாம், நாயைப் 10 நாள்கள் கட்டிவைத்துக் கண்காணிக்கலாம்; ஆனால் அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிப்போடலாகாது. வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அனேகமாக இல்லை. வெறிநோய் ஐயமுள்ள விலங்குகளிடம் கடிபடுவோரில் நூற்றுக்கு நாற்பது பேர் 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 1885 ஜூலையில் லூயி பாஸ்டர் தம் தடுப்பூசியை முதன்முதலாகச் செலுத்திக் காப்பாற்றிய ஜோசப் மெய்ஸ்டருக்கும் வயது ஒன்பதுதான். அவனைக் கடித்தது உரிமையாளர் உள்ள ஒரு நாய். அது ஒன்றும் செய்யாது என்று அந்த உரிமையாளரும் நம்பியிருக்கக் கூடும்.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. வளர்ப்பு நாய்களுக்கு உரிமம் வழங்கும்போது தடுப்பூசிச் சான்றோடு நாய் இருக்கப்போகும் இடத்தின் வேலி, சுவர், கேட் ஆகியவற்றையும் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்று உள்ளாட்சி அமைப்புகளைத் தாங்கள் வலியுறுத்தினால் நன்றாக இருக்கும். ஏனென்றால், கடி விழுந்த பிறகு நடக்கும் விசாரணையில் அதிகம் இழப்பது அந்த நாய்தான். பள்ளத்தை மூடாதவர் அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம், நாய்க்கு அந்த வசதி கிடையாது.

என் கடிதம் அந்தத் தம்பிக்கு முதலில் வருத்தம் தந்தது. ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு விடுமுறை நாளில் இரண்டு ஆட்களோடு வந்து வேலி நெடுகிலும் வலை புதைத்தார். மாலையில் நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு நடக்கவும் போகிறார். கேட்டின் அடியில் இன்னும் ஒரு கையளவு இடைவெளி இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை தகடு அடித்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தத் தேதியையும் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்திருக்கிறேன். அதுவரை துணி உலர்த்தும்போது பேத்தி சமையலறைப் படியில் உட்கார்ந்தபடியே கிளிப்புகளை எறிகிறாள், நான் பொறுக்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்