பள்ளிக்கூடம் கேட்ட கையெழுத்து

மண்டபம்
ஐப்பசி, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பி,

ஞாயிற்றுக்கிழமை போனை வைத்ததிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. "கையெழுத்துப் போட வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம்மா" என்று நீ சொன்னதே காதில் நிற்கிறது. போனில் உன்னோடு வாதாட எனக்கு வராது. நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், பேச்சு அதோடு முடிந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். மருமகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படி.

சின்னவன் வீட்டில் ஓயாமல் பேசுகிறான். பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் ஒரு சொல் வருவதில்லை. பாத்ரூம் போக வேண்டும் என்றுகூடக் கேட்கத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறான். அவனைச் சோதித்துப் பார்க்க உங்கள் சம்மதம் வேண்டும் என்று பள்ளிக்கூடம் தாள் அனுப்பியிருக்கிறது. வீட்டில் பேசும் பிள்ளைக்கு வெளியே சில இடங்களில் பேச்சே வராமல் போவதற்கு 'செலக்டிவ் மியூட்டிசம்' என்று பெயராம். மருமகள் அதைத் தேடிப் பார்த்தாள், அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் சுட்ட பையனின் படம் வந்து நின்றது. அவனுக்கும் அதே பெயர்தான் எழுதியிருந்தார்கள், அவனும் உங்கள் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில்தான் படித்தான். அந்தப் பெயர் என் பிள்ளை ஃபைலில் ஏறக் கூடாது என்று ராத்திரி முழுக்க அழுதாள் என்றாய். அவளை ஒன்றும் சொல்லாதே. அந்தப் படத்தைப் பார்த்தால் எந்தத் தாய்க்கும் அடிவயிறு கலங்கும்.

எனக்கு அந்தக் கதை புதிதில்லை. 2007 ஏப்ரலில் நீ மேல்படிப்புக்கு இடம் கிடைத்து விசாவுக்குக் காத்திருந்தாய். 16ஆம் தேதி அந்தத் துப்பாக்கிச் சூடு நடந்தது. 32 பேர் செத்தார்கள். அதில் நம் லோகநாதன் சாரும் ஒருவர். கோபிசெட்டிபாளையம் பக்கம் கரட்டடிபாளையத்தில் பிறந்து, கோயம்புத்தூரிலும் கான்பூரிலும் படித்து, அங்கே போய் நீரியல் சொல்லிக்கொடுத்தவர். வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோதே போனார். பேப்பரில் அவர் படத்தைப் பார்த்துவிட்டு நான் உன்னைப் போக வேண்டாம் என்று மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தேன். அப்பாதான் சமாதானம் செய்தார்.

அப்போதிருந்தே ஒரு கேள்வி எனக்குள் கிடந்தது. சியுங்-ஹுய் சோ என்ற அந்தப் பையன் 1984 ஜனவரியில் பிறந்தவன். உன்னைவிட ஒரு வயதுதான் மூத்தவன். ஒரே சமயத்தில் இரண்டு பிள்ளைகள் வளர்ந்திருக்கிறார்கள், ஒருவன் இங்கே, ஒருவன் கொரியாவில். அவன் அம்மா என்ன தப்பு செய்தாள் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. வர்ஜீனியா கவர்னர் அமைத்த குழு அந்த வருஷம் ஆகஸ்டிலேயே அறிக்கை கொடுத்துவிட்டது. அதில் அவன் சின்ன வயசைப் பற்றிய பகுதியை உன் சித்தி மகளிடம் பிரிண்ட் எடுத்து வாங்கி, அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். இப்போது மறுபடி எடுத்துப் படித்தேன். மருமகள் பார்த்தது படத்தை மட்டும்தான். நான் படித்ததை அவளுக்குச் சொல்ல வேண்டும்.

அவனுக்கு ஒன்பது மாதத்தில் கக்குவான் இருமல் வந்து, நிமோனியாவாகி, ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். இதயத்தில் ஓட்டை என்று சொல்லியிருக்கிறார்கள். மூன்று வயதில் அதற்காகச் செய்த சோதனைகளில் பிள்ளை மிரண்டுபோய், அதற்குப் பிறகு யார் தொட்டாலும் ஒதுங்கியிருக்கிறான். 1992இல் குடும்பம் அமெரிக்கா போனபோது அவனுக்கு எட்டு வயது. நீ அப்போது பட்டன் போகாத காக்கி டவுசரோடு என் பின்னாலேயே பள்ளிக்கூடம் வந்துகொண்டிருந்தாய். அவன் அப்பாவும் அம்மாவும் துணி வெளுத்து இஸ்திரி போடும் கடையில் காலையிலிருந்து ராத்திரி வரை நின்றார்கள். எல்லாம் பிள்ளைகள் படிப்புக்காக. நம் ஊர் ஆட்கள் துபாய்க்குப் போய் வெயிலில் நிற்பதும் இதற்குத்தானே. அக்கா பேசினாள், பழகினாள், படித்து மேலே வந்தாள். இவன் வாய் திறக்கவில்லை. பேசு பேசு என்று நெருக்கிப் பார்த்திருக்கிறார்கள். முடியாதபோது, அவன் இயல்பு அது, இருக்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள். அப்பாவும் அதிகம் பேசாத மனுஷர்தானாம்.

இதுவரை படித்தால் அலட்சியமான பெற்றோர் என்று தோன்றும். அப்படி இல்லை. 1997இல், ஏழாம் வகுப்புக்கு முன்னால், பள்ளிக்கூடம் சொன்னதும் மனநல சிகிச்சைக்கு அழைத்துப்போனார்கள். வாரா வாரம் கடையை விட்டுவிட்டு, மாற்றி மாற்றிக் காரில் கொண்டுபோய் விட்டார்கள். பேச்சு வராத பிள்ளைக்குக் களிமண் கொடுத்திருக்கிறார்கள். அவன் வீடு வீடாகச் செய்தானாம். ஒரு வீட்டுக்கும் கதவு கிடையாது, ஜன்னல் கிடையாது. அந்த இடத்தில் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

1999 ஏப்ரலில் கொலம்பைன் பள்ளிக்கூடத்தில் சுட்டார்களே, அதற்குப் பிறகு அதே மாதிரி செய்ய வேண்டும் என்று இவன் ஒரு தாளில் எழுதிவிட்டான். எட்டாம் வகுப்பு. அந்த டீச்சர் அதை மறைக்கவில்லை. வீட்டுக்குச் சொன்னார்கள், டாக்டரிடம் போனார்கள், மனச்சோர்வும் இருக்கிறது என்று கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வருஷம் சாப்பிட்டான். முகம் தெளிந்தது, சிரிக்க ஆரம்பித்தான், சரியாகிவிட்டது என்று டாக்டரே நிறுத்தினார். உயர்நிலைப் பள்ளியில் அவனுக்கென்று தனித் திட்டம் போட்டார்கள். எல்லார் முன்னாலும் நின்று பேச வேண்டியதில்லை, பேச்சுப் பயிற்சி தனியாக, மாதத்துக்கு 50 நிமிஷம். நல்ல மார்க் வாங்கித் தேறினான். ஒரு வம்பும் இல்லை.

மருமகள் இந்த இடத்தை இரண்டு தரம் படிக்க வேண்டும். அவன் ஃபைலில் அந்தப் பெயர் ஏறியிருந்த வருஷங்கள்தான் அவன் நல்லபடியாக இருந்த வருஷங்கள்.

கெட்டது அதற்குப் பிறகு. பதினோராம் வகுப்பில், எனக்கு ஒன்றும் இல்லை, ஏன் போக வேண்டும் என்று சிகிச்சைக்குப் போவதை நிறுத்தினான். பதினெட்டு வயது நெருங்கிவிட்டது, பெற்றவர்களால் இழுத்துக்கொண்டு போக முடியவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் சின்னக் காலேஜாகப் பார் என்று பள்ளியில் சொன்னார்கள், அவன் வர்ஜீனியா டெக்தான் என்று பிடிவாதம் பிடித்தான். பள்ளி ஃபைல் பள்ளியிலேயே நின்றுவிட்டது. இப்படி ஒரு பிள்ளை வருகிறான் என்று காலேஜுக்கு யாரும் சொல்லவில்லை. 2005 டிசம்பரில் நீதிமன்றம் வெளிநோயாளியாகச் சிகிச்சை எடுக்க உத்தரவிட்டது, எடுத்தானா என்று பார்க்க ஆள் இல்லை. வீட்டுக்கும் தகவல் இல்லை. உள்நோயாளி என்று இல்லாததால் துப்பாக்கி வாங்கக் கூடாதவர் பட்டியலிலும் அவன் பெயர் போகவில்லை. 2007 பிப்ரவரியில் ஒன்று, மார்ச்சில் ஒன்று என்று வாங்கினான். தெரிந்திருந்தால் படிப்பை நிறுத்தி வீட்டுக்குக் கூட்டிவந்திருப்போம் என்று பெற்றவர்கள் பிற்பாடு சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு ஒரு சத்தியம் செய்து கொடுக்கலாம் போல இருக்கிறது, நீ தப்பு செய்யவில்லை தாயே என்று. ஆனால் செத்துப்போன 32 பேருக்கும் அம்மா உண்டு. அதனால் அந்த வார்த்தையும் வாயில் நின்றுவிடுகிறது.

அவன் ஏன் சுட்டான் என்று அந்தக் குழுவாலும் முடிவாகச் சொல்ல முடியவில்லை. பேசாததால் சுட்டான் என்று எங்கும் எழுதவில்லை. பேசாத பிள்ளைகள் உலகமெங்கும் இருக்கிறார்கள் தம்பி. நானே ஒருத்தியைப் பாழாக்கினேன். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

நான் பாடம் நடத்திய மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். அம்மா பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போகிறவள். வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குவாள். திமிர் என்று நினைத்தேன். பெஞ்சின் மேல் ஏற்றி நிற்க வைத்து, "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அப்புறம் பிள்ளைகள் அவளுக்குக் கொழுக்கட்டை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒருநாள் சாயங்காலம் கரையில் அவள் அம்மா பாசியை உலர்த்திக்கொண்டிருந்தாள். இந்தப் பிள்ளை தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, கச்சான் காற்றையும் தாண்டிக் கேட்கும்படி கூவிக் கூவி யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு குரல். என்னைப் பார்த்தாள். அந்த நொடியில் வாய் பூட்டிக்கொண்டது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது பூட்டிக்கொண்டது. அவளுக்கு நோய் என்று ஒன்று இருந்தால் அது நான்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது. இப்போது பாம்பனில் மீன் விற்கிறாள், மூன்று பிள்ளைகள். பஸ்ஸில் பார்த்தால் "டீச்சர், சௌக்யமா?" என்று சத்தமாகக் கேட்பாள். அவள் மறந்திருக்கலாம். கொரியப் பையனும் வகுப்பில் சத்தமாக வாசித்தபோது பிள்ளைகள் சிரித்தார்கள் என்று படித்ததும் என் வகுப்புதான் கண்ணில் வந்தது.

உங்கள் பள்ளிக்கூடத்தில் யாரும் அவனைப் பெஞ்சில் ஏற்றவில்லை. தாள் கொடுத்துக் கேட்கிறார்கள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று என்னைக் கேள்.

ஊர் என்ன சொல்லும் என்று பயந்தால் என்ன ஆகும் என்பதற்கு நாம் தூரமாகப் போக வேண்டியதில்லை. இங்கே யாராவது கொஞ்சம் ஒதுங்கி இருந்தால் "ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிச் சிரிப்பார்கள். 2001 ஆகஸ்ட் 6, நீ பதினோராம் வகுப்பு. விடியற்காலையில் அங்கே தர்கா பக்கம் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் ஓட முடியாமல் எரிந்துபோனார்கள். அவர்களால் ஆபத்து என்றுதான் கட்டிவைத்தார்கள். இன்றைக்கு அதே தர்கா பக்கத்திலேயே அரசு டாக்டர் உட்கார்ந்திருக்கிறார். 'தவா-துவா' என்று பெயர், மருந்தும் உண்டு, பிரார்த்தனையும் உண்டு. ஜனங்கள் வந்து மருந்து வாங்கிப் போகிறார்கள். நம் ஜனங்களே வரிசையில் நிற்கிறார்கள், நீ அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு வெட்கப்படுகிறாயே.

நேற்று ராமநாதபுரம் போய் ஒரு மனநல டாக்டரைப் பார்த்துக் கேட்டேன். பேரன் பெயரைச் சொல்லவில்லை. பிடிவாதம் இல்லையம்மா, பயத்தில் தொண்டை அடைத்துக்கொள்கிறது என்றார். அதட்டினாலும் போகாது, சாக்லேட் தருகிறேன் என்றாலும் போகாதாம். வகுப்பு காலியாக இருக்கும் நேரத்தில் அம்மாவோ அப்பாவோ அங்கே போய் அவனோடு விளையாட வேண்டும். அங்கே அவன் குரல் வந்த பிறகு ஒரு சிநேகிதனைச் சேர்க்க வேண்டும், அப்புறம் டீச்சர் கதவருகில், அப்புறம் பக்கத்தில். மாதக்கணக்கில் ஆகலாம். சின்ன வயதில் ஆரம்பித்தால் நல்லது என்றார். இன்னொன்றும் சொன்னார், இது மருமகளுக்கு: யாராவது அவனிடம் கேள்வி கேட்டால் அவனுக்காக நீ பதில் சொல்லாதே. மனதுக்குள் ஐந்து வரை எண்ணு. பாவம் பிள்ளை என்று நாமே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறோம், நானும் செய்திருக்கிறேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அறிக்கையில் களிமண் வீட்டைப் படித்த அன்று, போன லீவில் அரியமான் கடற்கரையில் இவன் கட்டிய மணல் வீட்டுக்கு வாசல் இருந்ததா என்று படுக்கையில் கிடந்து யோசித்தேன். கட்டைவிரலால் குத்திக் குத்தி வாசல் வைத்தானே, நண்டு போய்வர என்று சொன்னானே, என்று ஞாபகம் வந்த பிறகுதான் தூக்கம் வந்தது. காலையில் எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. என் பேரனை யாரோடு வைத்துப் பார்த்தேன் பார். மருமகளுக்கும் இப்படித்தான் வந்திருக்கும். அவளிடம் சொல், உன் மாமியாருக்கும் வந்தது என்று.

கையெழுத்துப் போடு தம்பி. போட்டுவிட்டு ஒன்று செய். போன மாதம் அவன் என்னோடு போனில் பேசியதைப் பதிவு செய்து வைத்திருந்தேன், அதை வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறேன். நாலு நிமிஷம். பாம்பன் பாலத்தைப் பற்றி எனக்கே பாடம் நடத்துகிறான். "பழசு முன்னாடியெல்லாம் ரெண்டாப் பொளந்து கையைத் தூக்கும் அப்பத்தா, புதுசு லிஃப்ட் மாதிரி நேரா மேல போகும், பதினேழு மீட்டர்!" என்று கத்துகிறான். நடுவில் நான் இருமினால் "கேளுங்க, கேளுங்க" என்கிறான். அவன் சரி என்று சொன்னால், அந்தத் தாளோடு சேர்த்து அதையும் டீச்சருக்குப் போட்டுக் காட்டு. அவன் குரலை அவர்கள் இன்னும் கேட்டதே இல்லையே.

அன்புடன்,
அம்மா