எம்.ஆர்.ஐ. அறைத் தம்பிக்கு நன்றி

மூளைக் கட்டி அறுவைக்காக ஓர் அம்மாவின் நரம்புப் பாதைகளை வரைபடமாக்கிக் கொடுத்தவர்கள் நாங்கள். அந்த மூன்று நாள் பாடு கோரிப்பாளையம் டீக்கடை வரைக்கும் தெரியும், திரும்பச் சொல்லவில்லை. நேற்று மாலை அந்த அம்மா வலது கைக் கட்டைவிரலை மடக்கிக் காட்டினார். அதற்குப் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தோம்.

தம்பி, நன்றியில் பெரும்பங்கு உங்களுக்குத்தான். நாங்கள் கொடுத்த சீட்டில் இருந்தது ஒரே வரி: டிஃப்யூஷன், 64 திசை, பி மதிப்பு 1000, 2 மி.மீ. கனசதுரம். (மூளைக்குள் நீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து நரம்பிழைகளைத் தேடும் படம் இது. அந்த நகர்வை எவ்வளவு அழுத்தமாகப் பதிகிறோம் என்பதே பி மதிப்பு.) அதை மட்டும் எடுத்து அனுப்பியிருந்தால் யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. மண்டையில் பழைய அறுவையின் டைட்டானியத் தகடுகள் இருப்பதைக் கவனித்து, பி பூஜ்யம் படத்தை, அதாவது நீர் நகர்வைப் பதியாத அடிப்படைப் படத்தை, எதிர்த்திசையில் இன்னொரு தடவை எடுத்து வைத்தீர்கள். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

டிஃப்யூஷன் படம் படுவேகமாக எடுக்கப்படுவது. பக்கத்தில் உலோகமோ காற்றறையோ இருந்தால் காந்தப்புலம் பிசகி, படம் முன்பின்னாக இழுபடும், இல்லையென்றால் நசுங்கும். சில மில்லிமீட்டர்தான். ஆனால் கட்டிக்கும் கை நரம்புப் பாதைக்கும் நடுவே இருந்ததும் சில மில்லிமீட்டர்தானே! திசையைத் திருப்பி எடுத்தால் இழுபட்டது நசுங்கும், நசுங்கியது இழுபடும். இரண்டையும் ஒப்பிட்டு மென்பொருள் சரியான இடத்தைக் கணிக்கிறது. நோயாளி மேசையை விட்டு இறங்கிய பிறகு இந்த யோசனை வந்து பயனில்லை. (சிக்னலே செத்துப்போன இடத்தை இதனாலும் மீட்க முடியாது. நல்லவேளை, அந்த இருட்டு பாதைக்கு வெளியே நின்றது.)

தலைக்கு இருபுறமும் பஞ்சுத் திண்டு செருகி, "கடகடன்னு சத்தம் வரும்மா, பயப்படாதீங்க, தலையை மட்டும் ஆட்டிறாதீங்க" என்று முன்கூட்டியே சொன்னீர்களாம். 64 திசையில் ஒன்றுகூட அசைவால் கெடவில்லை.

பிறகு செய்தது வழக்கமான வேலை. வீக்கத்தில் எஃப்.ஏ. (நீர் எவ்வளவு ஒரே திசையாக நகர்கிறது என்ற எண்) குறைந்துவிடுவதால், 0.2க்குக் கீழே உள்ளதைத் தள்ளும் வரம்பில் கை இழைகள் காணாமல் போயிருந்தன, 0.15க்கு இறக்கியதும் வந்தன. முகத்துக்குப் போகும் இழைகள் அப்போதும் வரவில்லை. குறுக்கே ஓடும் இழைகளிடம், ஒரு புள்ளிக்கு ஒரே திசை என்று கொள்ளும் டென்சர் கணக்கு தோற்கும் இடம் அது. படத்தில் கோடு இல்லாததால் அங்கே நரம்பே இல்லை என்று எண்ணாத அறுவை மருத்துவருக்கு எங்கள் கும்பிடு. மண்டை திறந்து, மூளையின் மேலுறையான டியூராவைப் பிரித்ததும் மூளை இடம் பெயரும், வரைபடம் பழசாகிவிடும். அதனால் மெல்லிய மின்சாரம் பாய்ச்சும் தூண்டுகோலை வைத்துப் பார்த்துக்கொண்டே போனவர், 5 மில்லியாம்பியரில் கை துடித்ததும் நிறுத்திக்கொண்டார். ஒரு மில்லியாம்பியருக்கு, பாதையிலிருந்து ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தூரம் என்பது கைக்கணக்கு. மூச்சுக்குக் குழாய் போட்ட பிறகு, கை துடிப்பது மறைந்துவிடக் கூடாதென்று தசைத்தளர்வு மருந்தே சேர்க்காத மயக்க மருத்துவர், ஐ.சி.யூ. சிஸ்டர்கள், மேலூரிலிருந்து பைக்கில் வந்து ரத்தம் கொடுத்த பிள்ளைகள், பிளாஸ்க் நிறைய டீ கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்த அண்ணன், எல்லோருக்கும் சேர்த்தே நன்றி.

இனிமேல் எங்கள் சீட்டில் 'எதிர்த்திசை பி பூஜ்யம்' என்ற வரி அச்சிலேயே இருக்கும். யாருடைய ஞாபகத்தையும் நம்பி இது நடக்கக் கூடாது. முதல் கட்டு திங்கட்கிழமை உங்கள் அறைக்கு வரும். அந்த வரி விட்டுப்போயிருந்தால் முகம் பார்க்காமல் திருப்பி அனுப்புங்கள், தம்பி.