ட்ரோனின் அடையாளத்துக்கு மின்னணுக் கையொப்பம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விமான நிலையங்களுக்கு அருகே ட்ரோன் பறந்த செய்தி வரும்போதெல்லாம், அது விமானத்தில் மோதிவிடுமோ என்பதே பேச்சாகிறது. அந்த அச்சம் நியாயமானதுதான். ஆனால் ட்ரோன் தன்னைப் பற்றி வானொலி அலையில் சொல்லும் தகவலை எவரும் போலியாக உருவாக்க முடியும் என்பது அதிகம் பேசப்படுவதில்லை.

2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த நம் ஒழுங்குமுறை, மிகச் சிறிய நானோ வகை நீங்கலாக, அனுமதி பெறாத ட்ரோன் தரையை விட்டு எழவே கூடாது என்றது. அரசின் 'டிஜிட்டல் ஸ்கை' இணையதளம் மின்னணுக் கையொப்பமிட்டு (அனுப்பியவர் யார் என்பதை உறுதிசெய்யும், பிறர் போலியாக உருவாக்க முடியாத குறியீடு அது) தரும் அனுமதியைச் சரிபார்த்த பிறகே ட்ரோன் கிளம்ப வேண்டும். தொழில் வளர வேண்டும் என்ற நல்ல நோக்கத்தோடு கெடுபிடிகளைத் தளர்த்திய 2021 ஆகஸ்ட் விதிகளோ இந்த ஏற்பாட்டையும், நிகழ்நேரக் கண்காணிப்பையும், தடைப்பகுதிக்குள் நுழையவிடாத புவிவேலியையும் பின்னர் அறிவிப்பதாக ஒத்திவைத்தன. தளர்வு தேவைப்பட்டது, இவற்றையும் சேர்த்துத் தள்ளிவைத்தது தேவையற்றது என்பது என் கருத்து.

அமெரிக்காவில் 2024 மார்ச் முதல் கண்டிப்புடன் அமலாகும் 'ரிமோட் ஐடி' முறையை நாமும் பின்பற்றலாம் என்று சிலர் கூறுகின்றனர். ட்ரோன் தன் அடையாள எண்ணையும், தான் இருக்கும் இடத்தையும், இயக்குபவர் நிற்கும் இடத்தையும் வைஃபை அல்லது புளூடூத் வழியே அறிவித்தபடி பறக்கும் முறை அது. ஆனால் அந்த அறிவிப்புக்குக் கையொப்பம் கட்டாயமில்லை. தீப்பெட்டி அளவுள்ள மலிவான மின்னணுப் பலகை ஒன்றை வைத்துக்கொண்டு, ஓடுதளத்தின் மேல் பல ட்ரோன்கள் பறப்பதுபோல் ஒருவர் அறிவித்துவிட முடியும்.

2018 டிசம்பரில் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில், ட்ரோனைப் பார்த்ததாக வந்த தகவல்களால் சுமார் 1,000 விமானங்கள் ரத்தாயின அல்லது திருப்பிவிடப்பட்டன. ஏறத்தாழ 1,40,000 பயணிகள் தவித்தனர். குற்றவாளி எவரும் தண்டிக்கப்படவில்லை. கண்ணால் கண்டதாகச் சொன்னதற்கே இந்த நிலை என்றால், கட்டுப்பாட்டு அறையின் திரையில் போலிப் புள்ளிகள் தோன்றும்போது பணியில் இருப்பவர் ஓடுதளத்தை மூடாமல் என்ன செய்வார்? விமான நிலையத்தை முடக்க நினைப்பவருக்கு ட்ரோனே தேவைப்படாது.

உண்மையான அடையாள எண்ணையும் கண்மூடி நம்புவதற்கில்லை. சீன நிறுவனமான டிஜேஐயின் ட்ரோன்களை ஆராய்ந்து 2023-இல் 16 குறைகளைக் கண்டறிந்த ஜெர்மானிய ஆய்வாளர்கள், அவற்றுள் சிலவற்றின் வழியே அடையாள எண்ணையே மாற்ற முடியும் என்று காட்டினர். (அக்குறைகளை நிறுவனம் பின்னர் சரிசெய்தது.)

செயற்கைக்கோள் வழிகாட்டல் சிக்னலை முடக்கும் ஜாமர்களை விமான நிலையங்களில் வைத்தால் போதாதா என்றால், தரையிறங்கும் விமானங்களும் ஜிபிஎஸ் போன்ற அதே சிக்னலைப் பயன்படுத்துவதால் அவையும் பாதிக்கப்படும். டெல்லியில் 2025 நவம்பரில் போலி ஜிபிஎஸ் சிக்னல் குறித்து விமானிகள் புகார் அளித்ததை மத்திய அரசே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது.

ஆகவே, ஒத்திவைத்த பாதுகாப்பு ஏற்பாடுகளை அறிவிக்கும்போது, ட்ரோன் அனுப்பும் ஒவ்வொரு அடையாள அறிவிப்பும் கையொப்பமிடப்பட்டிருக்க வேண்டும் என்பதையும், கையொப்பமிடப் பயன்படும் ரகசியக் குறியீடான 'சாவி', மென்பொருளால் மாற்ற முடியாத சில்லில் (சிப்) இருக்க வேண்டும் என்பதையும் சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகம் கட்டாயமாக்க வேண்டும். ரேடாரோ கேமராவோ உறுதிசெய்யாத அறிவிப்பை மட்டும் வைத்து ஓடுதளத்தை மூடுவதா என்பதற்கும் விமான நிலையங்களுக்கு எழுத்துபூர்வமான வழிகாட்டுதல் வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பல்லாவரம், சென்னை.