ஊர் போர்டு மாறுனா ஜாப் கார்டு செல்லாதா?

ஆசிரியருக்கு வணக்கம்ங்க.

நூறு நாள் வேலை பத்தி போன வாரம் உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன். கூலி பாக்கி, செல்போன் அட்டெண்டன்ஸ் எல்லாம் எழுதியிருந்தீங்க, சரிதான். ஆனா யாருக்கு அந்த வேலை கிடையாதுங்கறத விட்டுட்டீங்க. எங்கம்மாவுக்கு இப்ப கிடையாது, அதான் எழுதறேன்.

எங்க ஊரு ஊராட்சியா இருந்துச்சு, பக்கத்து மாநகராட்சியோட சேத்துட்டாங்க. அம்மாவுக்கு 58 வயசு, பத்து பதினஞ்சு வருஷமா ஏரி வேலைக்கு போனவங்க. அட்டெண்டன்ஸுக்கு காலைல ஒரு போட்டோ மதியம் ஒரு போட்டோன்னு பணித்தள பொறுப்பாளர் பொண்ணு வெயில்ல வரிசையா நிக்க வெச்சு எடுக்கும், டவர் கிடைக்கலன்னா கரைமேல ஏறி நின்னு மறுபடி எடுக்கும், அதுக்கெல்லாம் சலிக்காம நின்னாங்க. இப்ப அந்த வேலைக்கான ஜாப் கார்டு பீரோவுல பிளாஸ்டிக் கவருக்குள்ள கிடக்கு. ஆபீஸ்ல போய் கேட்டா "நீங்க இப்ப டவுன்காரங்கம்மா"ன்னு சிரிக்கறாங்களாம். போன மாசம் ஜேசிபி வந்து அதே கரைய ரெண்டு நாள்ல சரி பண்ணிட்டு போச்சு.

நூறு நாள் வேலைக்கான 2005 சட்டத்துல இருந்த விதி ரொம்ப சிம்பிள். 18 வயசு ஆயிருக்கணும், உடலுழைப்பு வேலைக்கு தயாரா இருக்கணும், கிராமப்புறத்துல குடியிருக்கணும். எத்தன மாசமா வேலையில்ல, என்ன படிச்சிருக்கன்னு ஒரு கேள்வி கிடையாது, அது நல்ல விஷயம்னுதான் நானும் சொல்வேன். ஆனா கிராமப்புறம்னா எதுன்னு பாத்தா, நகர உள்ளாட்சியும் கன்டோன்மென்ட்டும் (ராணுவ குடியிருப்பு பகுதி) இல்லாத இடம், அவ்ளோதான். ஆக ஒரு அரசாணையில அம்மா தகுதி போச்சு, அம்மாகிட்ட ஒண்ணுமே மாறல. 2025 டிசம்பர்ல நூறு நாள 125 ஆக்கி புது சட்டம் வந்துச்சு, அதுலயும் கிராமப்புற குடும்பம்தான்.

2025 ஜனவரில 149 ஊராட்சிகள 16 மாநகராட்சிகளோட சேக்கறதா அரசு அறிவிச்சப்போ ஊர் ஊரா மறியல் பண்ணாங்களே, வீட்டு வரிக்கு பயந்துதான்னு நிறைய பேர் நினைச்சாங்க. பாதி அதான், மீதி பாதி இந்த நூறு நாள்.

டவுன்ல வேற வேலை கிடைக்காதான்னு கேப்பீங்க. அபார்ட்மென்ட்ல கூட்டற வேலைக்கே 40 வயசுக்குள்ள ஆள் கேக்கறாங்க சார்.

நகரத்துக்கும் ஒரு வேலைவாய்ப்பு திட்டம்னு 2022ல நம்ம அரசு 100 கோடி ஒதுக்கி ஆரம்பிச்சது உண்மை, ஆனா அது சோதனை முயற்சி, பொறுக்கி எடுத்த ஊர்கள்ல மட்டும். கேரளாவுல அய்யங்காளி பேர்ல நகரத்துக்கு 2010லயே கொண்டு வந்துட்டாங்க. ராஜஸ்தான்கூட 2022ல ஆரம்பிச்சுது.

இன்னொரு பக்கம் என் தம்பி கதை. டிகிரி முடிச்சவன், வேலைவாய்ப்பு ஆபீஸ்ல பதிஞ்சு 5 வருஷம் காத்திருந்தாத்தான் வேலையில்லாதோர் உதவித்தொகைக்கு மனு போடலாம், வீட்டு வருமானம் வருஷத்துக்கு 72,000 தாண்டக்கூடாது, வயசு 40க்குள்ள, எஸ்சி எஸ்டின்னா 45. இவ்ளோ தாண்டி வந்தா டிகிரிக்கு 600 ரூபா. தப்பா படிக்கல, மாசத்துக்கு 600தான், அதுவும் 3 வருஷம் மட்டும். அம்மாவுக்கு அட்ரஸ் சரியில்ல, தம்பிக்கு காத்திருந்த வருஷம் பத்தல!

நான் பெருசா எதுவும் கேக்கல. ஊர சேக்கற அன்னைக்கு கையில ஜாப் கார்டு இருக்கறவங்கள அப்படியே நகரத் திட்டத்துல ஏத்துக்கோங்க, புதுசா மனு, வருமான சான்று, ஆதார் ஜெராக்ஸ்னு மறுபடி அலைய விடாதீங்க. சேக்கற அரசாணையிலயே இதுக்கு ஒரு வரி போடலாம். வீட்டு வரி எப்ப இருந்து கட்டணும்னு மட்டும் தேதியோட தெளிவா சொல்றாங்கல்ல.

இப்படிக்கு,
மாநகராட்சி ஆகிப்போன ஒரு ஊர்லேந்து உங்க வாசகர்