குழாயில் போன மணத்தக்காளி

ஈசூன், சிங்கப்பூர்
ஞாயிற்றுக்கிழமை

அடியே ராஜி,

தீபாவளிக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை என்று திட்டாதே, நீயும்தான் எழுதவில்லை. முட்டிவலி அப்படியேதான். அவரும் அப்படியேதான், பேப்பருக்குள் தலை. வாட்ஸ்அப்பில் சொல்லியிருப்பேன், ஆனால் என் போனைப் பழுது பார்ப்பது மருமகள். அதனால்தான் காகிதம்.

என் மணத்தக்காளி போய்விட்டதடி. தாழ்வாரத்தில் துளசிக்குப் பக்கத்தில், "என்னடி காடு வளர்க்கிறாய்" என்று கேட்டாயே, அதேதான். புதுப் பல்செட் உரசி வாயெல்லாம் புண். கீரையைப் பறித்து, சின்ன வெங்காயம் சீரகம் வதக்கி, தேங்காய்ப்பால் விட்டுச் சாறு வைக்கலாமென்று ஆய உட்கார்ந்தேன். பெரியவன் போனால் படம் பிடித்தான். "பாட்டி, நைட்ஷேட்! விஷம்!" அவ்வளவுதான். மருமகள் கையுறை மாட்டிக்கொண்டு வந்து, வேரோடு பிடுங்கி, பையில் கட்டிக் குப்பைக் குழாயில் தள்ளினாள். பதினோரு மாடியும் இறங்கிய சத்தம் கேட்டது.

அவர்கள் பயப்படுவது பெலடோனாவுக்கு, விஷ நைட்ஷேட் அதுதான். அது ஐரோப்பியச் செடி. பூ மங்கிய ஊதா, மணி மாதிரித் தொங்கும். காய் ஒற்றை ஒற்றையாக, பெரிதாக இருக்கும். நம்முடையது வெள்ளைப் பூ, மிளகளவு காய், கொத்துக் கொத்தாக. உன் அம்மா மிளகுதக்காளி என்றுதானே சொல்வார்கள்? கத்தரியும் உருளைக்கிழங்கும் மிளகாயும் இதே குடும்பம்தான். அவள் பொரிக்கிற ஃபிரென்ச் ஃபிரைஸையும் குழாயில் போடட்டுமே! மூன்றாம் வீட்டுச் சீன ஆன்ட்டி இந்தத் தளிரைப் போட்டு சூப் வைக்கிறார். அங்கே வேலை செய்யும் மேற்கு ஜாவாப் பெண், ஊரில் பச்சைக்காயையே மிளகாய்ச் சம்பலில் தொட்டுத் தின்பார்களாம், 'லெஉன்சா' என்கிறாள்.

பச்சைக்காய் என்றதும் எனக்கு வயிறு புரண்டது. செம்பவாங் கொல்லையில், வத்தலுக்காக உன் அம்மா மோரும் உப்பும் எடுத்துவரப் போன நேரத்தில், பந்தயம் கட்டி அள்ளித் தின்றோமே! ராத்திரி முழுக்க நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் வாந்தி. வேகாத பச்சைக்காயில் சோலனின் என்ற விஷம் இருக்கிறதாம், பெரியவன் போனில் காட்டினான்.

ராஜி, மருமகளிடம் நான் சொல்லாதது ஒன்று இருக்கிறது. சின்னவளுக்கு மூன்று வயது. கறுத்த பழமாகப் பார்த்துப் பறித்து, தினமும் அவள் வாயில் போட்டுப் பழக்கியவள் நான்தான். கறுப்பென்றும் பச்சையென்றும் அந்தக் குழந்தைக்கு என்ன தெரியும்? போன வாரம் அவள் தனியாகச் செடிக்கிட்டே நின்றதைப் பார்த்தேன். சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டேன். மூன்று நாளாகத் தூக்கமில்லை.

ஆனாலும் அது உன் அம்மா கைவிதை, விட மனசில்லை. ஜூரோங்கில் உன் தொட்டி பிழைத்திருக்கும் அல்லவா? நாலு பழத்தை நசுக்கி, விதையைக் காயவைத்துக் கொண்டுவா. வத்தலைக் கொண்டுவந்து முளைக்கவில்லை என்று மூக்கால் அழாதே, போன தடவை மாதிரி! இந்த முறை செருப்பு அலமாரிக்கு மேலே, சின்னவளுக்கு எட்டாத இடத்தில் வைப்பேன். அதற்கு முன்னால் மருமகளிடம் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். நீ வருகிற அன்றைக்கே சொல்கிறேன், பக்கத்தில் இரு.

புண் இன்னும் ஆறவில்லை. காப்பி எரிகிறது, குடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உன்
சரசு