டிராயிங் க்ளாஸ்ல பசங்கள பிரிக்கணுமா

மச்சான்,

லெட்டர் பாத்தேன்டா. முதல் வருஷ இன்ஜினியரிங் டிராயிங் உன்கிட்ட வந்துருக்குன்னு படிச்சதும் அவ்ளோ சந்தோஷம், அந்த பசங்களுக்கு நல்ல வாத்தியார் கெடச்சாச்சு. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், எனக்கு முட்டி வலி மட்டும்தான் விடமாட்டேங்குது.

வார்க் (VARK) டெஸ்ட்னு ஒரு கேள்வித்தாள் வச்சு, பாத்து கத்துக்கறவன், கேட்டு கத்துக்கறவன், படிச்சு எழுதறவன், கையால செஞ்சு பாக்கறவன்னு பிரிச்சு நடத்தலாமான்னு கேட்டிருந்த. வேணாம்டா. ஃப்ளெமிங், மில்ஸ்னு ரெண்டு பேர் 1992ல எழுதினது அது, எல்லா இடத்துலயும் பரவிடுச்சு, ஆனா 2008ல பாஷ்லர்ங்கற சைக்காலஜிஸ்ட்டும் இன்னும் மூணு பேரும் அதுவரைக்கும் வந்த ஆராய்ச்சியெல்லாம் அலசிட்டு, அவனவன் கத்துக்கற ஸ்டைலுக்கு ஏத்தமாதிரி நடத்தினா நல்லா கத்துக்கறாங்கன்னு சொல்ல போதுமான ஆதாரம் இல்லன்னுட்டாங்க. அதுவும் டிராயிங்ல, காதால மட்டும் கேட்டு எவனாவது டாப் வியூ, அதான் மேலேர்ந்து பாத்தா தெரியற படம், போட முடியுமா?

நான் பாக்கற வித்தியாசம் வேற. ஐசோமெட்ரிக், அதான் மூணு பக்கமும் ஒண்ணா தெரியற படம், போடச் சொன்னா சில பசங்க முழு பெட்டிய போட்டுட்டு அதுலேர்ந்து வெட்டி வெட்டி எடுப்பாங்க, சிலபேர் ஒவ்வொரு மூலையா அளந்து பாயிண்ட் வச்சு கோடு சேப்பாங்க, ரெண்டுமே சரியா வரும், அவனவன் வழியில விட்டுடு, மார்க் கொறைக்காத.

ஆனா ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறையில, ஃப்ரண்ட் வியூவுக்கு டாப் வியூ ஏன் கீழ வருதுன்னு முழிக்கறவங்களுக்கு எல்லாருக்கும் ஒரே வைத்தியம்தான். அட்டைய எல் மாதிரி மடி, மடிப்புதான் ரெண்டு வியூவுக்கும் நடுவுல வர எக்ஸ்-ஒய் லைன், படுத்திருக்கற பக்கம் தரை, அதுல கட்டைய வச்சு, பின்னாடி நிக்கற பக்கத்துல ஃப்ரண்ட் வியூ, தரையில டாப் வியூ போடச் சொல்லு, அப்புறம் கட்டைய எடுத்துட்டு தரைய கீழ மடக்கிவிடு, டாப் வியூ தானா கீழ போயிடும். இத ஒவ்வொருத்தனும் தன் கையால செய்யணும்.

சிலருக்கு மனசுல உருவத்த திருப்பிப் பாக்கவே வராது, அத பிறவிக் கொறைன்னு நெனச்சு ஒதுக்கிடாத. அமெரிக்காவுல மிச்சிகன் டெக் யுனிவர்சிட்டில ஷெரில் சோர்பிங்கற டீச்சர் 1993லயே இப்படி பசங்களுக்குன்னு தனி கோர்ஸ் ஆரம்பிச்சாங்க, ஸ்கெட்ச் போட்டு, கட்டைகள அடுக்கி பழகப் பழக திறமை வளந்துது. எனக்கு இதுதான் பெரிய நம்பிக்கை தர விஷயம், ஏன்னா நம்மகிட்ட வரவன் எந்த வகைன்னு தேடறதவிட அவனுக்கு இன்னும் எவ்ளோ பழக்கம் வேணும்னு பாக்கறதுதான் நம்ம வேல.

கம்ப்யூட்டர்ல டிராயிங் போடற கேட் (CAD) லேப்லயும் இத பாத்துக்கோ, ஸ்கிரீன்ல மாடல சுத்திவிட்டு புரிஞ்சுடுச்சும்பான், மானிட்டர ஆஃப் பண்ணிட்டு பேப்பர்ல சைடு வியூ ஹிட்டன் லைனோட, அதான் மறைஞ்சிருக்கற விளிம்புக்கு போடற விட்டு விட்டு வர கோட்டோட, போடச் சொல்லு, தெரிஞ்சுடும்.

பொருள வெட்டி உள்ள பாக்கற மாதிரி போடற செக்‌ஷன் பாடம் ஆரம்பிச்சதும் எப்படி போகுதுன்னு எழுதுடா.

உன்
மச்சான்